ஃபிரிட்ஜில் வெங்காய வாடை: வராமல் தடுப்பதும், வந்ததை எடுப்பதும்

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள். முதல் நாள் இரவே பால் பாயசம் காய்ச்சி, சூடு ஆறியதும் மூடாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். மேல்தட்டில், ஆம்லெட்டுக்கு நறுக்கியதில் மிஞ்சிய அரை வெங்காயம் ஒரு பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டு இருந்தது. மறுநாள் சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, பாயசத்துல என்ன போட்டே?" என்றார். ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டிருந்தேன். அவர் கேட்டது அதைப் பற்றி அல்ல.

அதன் பிறகு ரொம்ப நாள் வாடையை விரட்டுவதிலேயே குறியாக இருந்தேன். சோடா உப்புக் கிண்ணம், எலுமிச்சை மூடி, காபித்தூள் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. கொஞ்ச நாள் தேவலை என்று தோன்றும், அப்புறம் பழைய கதைதான். கடைசியில் பிடிபட்டது வெங்காயத்தை வைத்த டப்பாதான். அதனால் இங்கே டப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். சோடா உப்பு பின்னால் வரும்.

வாடை எப்படிப் பிறக்கிறது

முழு வெங்காயத்தை மூக்கருகே வைத்துப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் தெரியாது. கத்தி பட்ட மறு நொடி ஊரே தெரியும். காரணம், வெங்காயத்தின் செல்லுக்குள் கந்தகம் கலந்த பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. நறுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் வாடை. கண்ணைக் கலங்க வைக்கும் ஆவிக்கென்றே தனியாக இன்னொரு நொதி இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2013-ல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள்.

நமக்கு இதில் வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, எவ்வளவு செல் உடைகிறதோ அவ்வளவு வாடை. அரை வெங்காயத்தை விடப் பொடியாக நறுக்கியது மோசம், அதை விட அரைத்த விழுது மோசம். இரண்டு, சூடுபட்டால் நொதி செத்துவிடும். வதக்கிய வெங்காயம் பச்சை வெங்காயம் அளவுக்கு ஃபிரிட்ஜை நாறடிக்காததற்கு இதுவே காரணம். புளிப்பும் நொதியை மந்தமாக்கும். மூன்றுதான் முக்கியம்: இந்தச் சேர்மங்களுக்குக் கொழுப்பு ரொம்பப் பிடிக்கும். பால், தயிர், வெண்ணெய், தேங்காய்த் துருவல் எல்லாம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மல்லிகைப் பூவையும் எள்ளையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டி வாசனை எண்ணெய் எடுக்கும் பழைய முறை ஒன்று நம் நாட்டில் உண்டு. எண்ணெய்ப்பசை மணத்தைப் பிடித்து வைக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். என் பாயசத்தில் நடந்ததும் அதேதான், பூவுக்குப் பதில் வெங்காயம்.

படி 1: உள்ளே போக வேண்டாததை வெளியிலேயே வையுங்கள்

முழு வெங்காயத்துக்கு ஃபிரிட்ஜில் வேலையே இல்லை. அங்கே இருக்கும் ஈரத்தில் தோல் நமுத்து, உள்ளே கொழகொழத்து, முளையும் விடும். அழுகிய ஒரு வெங்காயம் பத்து நறுக்கிய வெங்காயத்துக்குச் சமம். காற்றோட்டமான கூடையிலோ, பழைய முறைப்படி தொங்கும் உறியிலோ, வெயில் படாத இடத்தில் பரப்பி வைத்தால் போதும். உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கொட்டாதீர்கள், கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது.

நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் சின்ன வெங்காயத்தில்தான் தொடங்குகிறது. காலைச் சாம்பாருக்கு ராத்திரியே உரித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, குறை சொல்ல மாட்டேன். உரித்தாலும் முழுசாக இருக்கும்வரை வாடை குறைவுதான். ஆனால் வேர்ப்பக்கத்தையும் காம்பையும் ஒட்ட வெட்டினால் இரண்டு வாசலைத் திறந்து விட்ட மாதிரி. வேர் நுனியை மட்டும் லேசாகச் சீவிவிட்டு, மிச்சத்தைக் காலையில் வெட்டிக்கொள்ளுங்கள். கழுவியிருந்தால் ஈரம் போகத் துணியில் ஒற்றி எடுத்த பிறகே மூடுங்கள்.

கடையில் உரித்தே கவரில் போட்டு விற்பதை வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரைப் பிரித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கவர் வாடையைத் தடுக்காது. ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

வெங்காயத்தாள் விதிவிலக்கு, அதை வெளியில் வைத்தால் ஒரே நாளில் வாடிவிடும். வேரைக் கழுவித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள நீளமான டப்பாவில் வையுங்கள்.

படி 2: நறுக்கும்போதே பாதியைக் குறைத்துவிடலாம்

கூரான கத்தி செல்லை வெட்டும், மழுங்கிய கத்தி நசுக்கும். நசுங்கினால் சாறு அதிகம், சாறு அதிகமானால் வாடையும் அதிகம். அரிவாள்மனைக்கும் இதே கணக்குதான், சாணை பிடித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

பாதி வெங்காயம் மிஞ்சும் என்று தெரிந்தால், முதலிலேயே தோலோடு இரண்டாகப் பிளந்து, வேர் இருக்கும் பாதியைத் தோலை உரிக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். வாடை வரும் இடம் அந்த வெட்டு முகம் ஒன்றுதான். அதையும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்திலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ கவிழ்த்து வைத்தால், திறந்த பரப்பே இருக்காது. எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது.

நறுக்கியது மிஞ்சிவிட்டதா? பச்சையாக வைக்காமல், ஒரு கரண்டி எண்ணெயில் கண்ணாடி போல வதக்கி, ஆற வைத்து மூடி வையுங்கள். மறுநாள் எந்தக் குழம்புக்கும் ஆகும். பிரியாணிக்கு நறுக்கியதில் மிஞ்சினால் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுப் பிசறி வைக்கலாம், புளிப்பு வாடையைக் கொஞ்சம் அடக்கும், அடுத்த வேளைக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும். தண்ணீரில் போட்டு வைப்பவர்களும் உண்டு. வாடை குறையும், ருசியும் தண்ணீரோடு போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொன்று: கை. வெங்காயம் நறுக்கிய கையோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடிப்போம், உள்ளிருக்கும் பால் பாத்திரத்தைத் தொடுவோம். பாட்டிலின் வெளிப்பக்கத்திலும் விளிம்பிலும் ஒட்டிய சாறு யார் கண்ணிலும் படாது. மூடியபின் பாத்திரத்தை வெளியே ஒரு தடவை துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

படி 3: பாத்திரம்

விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பாலிதீன் கவர் தண்ணீரைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. கந்தக ஆவி அந்த மெல்லிய பிளாஸ்டிக்குக்குள் கரைந்து, மறுபக்கம் மெதுவாக வெளியேறிவிடும். முடிச்சு எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் இதில் மாற்றமில்லை, ஏனென்றால் அது முடிச்சு வழியாக மட்டும் போவதில்லை. ஜிப் வைத்த கவரும் அதே வகைப் பிளாஸ்டிக்தான், கொஞ்சம் தடிமன், அதனால் கொஞ்சம் தாமதம். இரண்டு கவரைப் போட்டுச் சுற்றுவது மனத் திருப்திக்குத்தான்.

பிளாஸ்டிக் டப்பா இன்னும் விஷமம். அது வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயம் தீர்ந்து, டப்பாவைக் கழுவி, அதில் வேறு எதையோ போட்டு உள்ளே வைத்தால், அடுத்த வாரம் வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். வெங்காயமே இல்லாத ஃபிரிட்ஜில் வெங்காய வாடை வருகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். காலி டப்பாவை மூடி ஒரு மணி நேரம் விட்டு, திறந்ததும் மோந்து பாருங்கள். எந்த டப்பா குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும்.

கண்ணாடியும் எவர்சில்வரும் எதையும் உறிஞ்சாது, எதையும் கசிய விடாது. அங்கே பலவீனம் மூடியில் மட்டும்தான். நம் எவர்சில்வர் சம்புடங்களில் பெரும்பாலானவற்றின் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும், காற்று புகும். திருகுமூடி போட்ட கண்ணாடி பாட்டில்தான் என் தேர்வு. புதிதாக வாங்கக்கூட வேண்டாம், ஜாம் தீர்ந்த பாட்டில், ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில் மாதிரி ஏதாவது ஒன்று போதும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். அதன் மூடியில் ஏற்கெனவே பெருங்காயமும் பூண்டும் குடியிருக்கும்.

மூடியில் ரப்பரோ சிலிகோன் வளையமோ இருந்தால், வாடையைச் சேர்த்து வைப்பது அந்த வளையம்தான். வாரம் ஒரு முறை கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள்.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு: அந்த பாட்டில் வெங்காயத்துக்கு மட்டும். மூடியில் மார்க்கரால் 'வெ' என்று எழுதிவிட்டால் வீட்டில் யாரும் அதில் திராட்சையைப் போட மாட்டார்கள். பாட்டிலின் கழுத்து வரை நிரம்பும் அளவுக்குச் சின்ன பாட்டிலாக எடுங்கள். காலி இடம் அதிகமிருந்தால் அங்கே ஆவி தேங்கி, திறக்கும்போது ஒரேயடியாக வெளியே வரும். அதனால்தான் இன்னொரு வழக்கமும் தேவை: ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே பாட்டிலைத் திறக்காதீர்கள். வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, மேடையில் வைத்துத் திறங்கள்.

விழுது அரைத்து வைப்பவர்கள் சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில்களில் பிரித்து, இரண்டு நாளுக்குள் முடியுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் வதக்கி அரைத்து ஃப்ரீசரில் வைப்பது நல்லது. ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால், அந்த டிரே இனி ஐஸுக்கு ஆகாது என்று தலைமுழுகிவிடுங்கள்.

நறுக்கிய வெங்காயத்தை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்து, மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடுவது என் வழக்கம். வழவழப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

படி 4: எதிரில் இருப்பதை மூடுங்கள்

வெங்காயம் எவ்வளவுதான் அடைபட்டிருந்தாலும் கொஞ்சமாவது கசியும். நம் மூக்குக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே தெரிந்துவிடும் சங்கதி அது. எனவே ஏற்றுக்கொள்ளும் பக்கத்தையும் அடைக்க வேண்டும். பால், தயிர், வெண்ணெய், பன்னீர், தேங்காய்த் துருவல், நெய்யில் செய்த இனிப்பு எல்லாவற்றுக்கும் மூடி கட்டாயம். தீபாவளிக்கு வந்த மைசூர்பாகை அட்டைப் பெட்டியோடு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு, அதுவும் வாடையை வாங்கும். தலைக்கு வைக்கும் மல்லிகைச் சரத்தையும் மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். புரட்டாசி சனிக்கிழமையிலும் விரத நாளிலும் வெங்காயம் சேர்க்காத வீடுகளில் நைவேத்தியப் பாலுக்கு இந்த வாடை வந்துவிட்டால் அது ருசியோடு முடிகிற விஷயம் அல்ல. அதற்குத் தனியாக இறுக்கமான மூடியுள்ள தூக்கு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

எந்தத் தட்டில் வைப்பது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் விசிறி ஒன்று குளிர்காற்றை எல்லாத் தட்டுக்கும் சுற்றி அனுப்பும். பல மாடல்களில் மேலே ஃப்ரீசருக்கும் கீழே இருக்கும் அறைக்கும் ஒரே குளிர்ச்சுருள், ஒரே காற்று. அங்கே வெங்காயத்தைக் கீழே காய்கறி டிராயரில் வைத்தாலும் ஐஸ் கட்டியில் வாடை ஏறும். விசிறி இல்லாத ஒற்றைக் கதவு வகையில் காற்று மெதுவாகத்தான் நகரும், அங்கே பாலுக்கும் வெங்காயத்துக்கும் இடையே தூரம் இருப்பது ஓரளவு உதவும். மின்வெட்டு நேரத்தில் உள்ளே வெப்பம் ஏற ஏற ஆவியும் அதிகமாகும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதும், மூடாத பாத்திரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் தவிர அப்போது செய்ய ஒன்றுமில்லை.

படி 5: உறிஞ்சும் பொருள்கள், அவற்றின் உண்மையான தகுதி

சோடா உப்பைக் கிண்ணத்தில் வைப்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். புளித்துப்போன பால் போன்ற அமில வாடைக்கு அது ஓரளவு வேலை செய்யும். வெங்காயத்தின் கந்தக வாடை பெரும்பாலும் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. சோடா உப்புக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. கிண்ணத்தில் மேல்பரப்பு மட்டும்தான் காற்றைத் தொடுகிறது என்பது வேறு. கழுவுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், காவலுக்கு வேண்டாம்.

எலுமிச்சை மூடி, கிராம்பு, வெனிலா எல்லாம் வாடை மேல் வாசனையைப் பூசுகிறவை. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது இன்னும் கொடுமை. காபித்தூள் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் மறைக்கும். டிகாஷன் இறக்கிய சக்கையை வைப்பதானால் வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்துவிட்டு வையுங்கள், ஈரமாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நம்பி வைக்கக்கூடியது ஆக்டிவேட்டட் கார்பன் என்று விற்கும் கரி. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்தும் இதைத் தயாரிக்கிறார்கள். அந்தக் கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதாவது இரண்டு கிரவுண்டு மனையை விட அதிகம். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் குருணையாகக் கிடைக்கும். நூறு கிராம் எடுத்து மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து நடுத்தட்டில் வையுங்கள், ஈரம் சொட்டாத இடமாக. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அடுப்புக்கரியும் உறிஞ்சும், ஆனால் அதன் சக்தி இதில் ஒரு சிறு பங்குதான்.

படி 6: வாடை ஏற்கெனவே பிடித்துவிட்டால்

அரைநாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பால் தீர்ந்த நேரம் நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து, கெடக்கூடியதைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பையோடு வையுங்கள். ஐஸ் டிரேயில் இருக்கும் பழைய ஐஸைக் கொட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்ற முடியாது. திறந்து கிடந்த வெண்ணெயும் அப்படித்தான்.

தட்டுகளையும் டிராயர்களையும் கழற்றுங்கள். கண்ணாடித் தட்டைக் குளிரோடு சுடுதண்ணீரில் போட்டால் விரிசல் விடும், அறைச்சூட்டுக்கு வரட்டும். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி வெயிலில் வையுங்கள். உள்சுவரை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்புக் கரைத்துத் துணியால் துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி, அப்புறம் உலர்ந்த துணி. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தும் துடைக்கலாம், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரைதான் வரும், இரண்டின் குணமும் போய்விடும். பினாயிலும் பிளீச்சும் உணவு இருக்கும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

எல்லோரும் விட்டுவிடும் இடங்கள் மூன்று. கதவு ரப்பரின் மடிப்பு: பழைய டூத்பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். உள்ளே பின்சுவரின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை: உருகும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது, வெங்காயச் சாறும் சேர்ந்துதான். ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். மூன்றாவது, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தட்டு. ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் சமையலறையில் வாடை நிற்கிறதென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். சில மாடல்களில் அதைக் கழற்ற முடியும், முடியாவிட்டால் துணியால் ஒற்றி எடுங்கள்.

கதவு ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, வெங்காயத்தின் மேல் இருக்கும் கறுப்பும் ஃபிரிட்ஜ் ரப்பரில் படியும் கறுப்பும்தான் கரும்பூஞ்சை நோய்க்குக் காரணம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. மருத்துவர்கள் அதை மறுத்தார்கள். வெங்காயத் தோலில் இருப்பது வேறு வகைப் பூஞ்சை, அந்த மேல்தோலை உரித்துப் போட்டுக் கழுவினால் போதும். நறுக்கிய வெங்காயம் சுற்றியுள்ள கிருமியையெல்லாம் இழுத்து விஷமாகிவிடும் என்பதும் அதே குடும்பத்துக் கதை. வாடை வந்த பாலைக் குடிக்க முடியாது, அவ்வளவுதான், அதில் விஷம் எதுவும் இல்லை.

துடைத்து முடித்ததும் கதவை மூன்று நாலு மணி நேரம் திறந்தே வையுங்கள். அவசரப்பட்டு மூடினால், ஈரமும் மிச்ச வாடையும் உள்ளேயே அடைபடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவுக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டும்.

பிறகு பிளக்கைப் போட்டு, முழுவதும் குளிர்ந்ததும், ஒரு சின்ன டம்ளரில் பாலை மூடாமல் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அதை மோந்து பார்ப்பதுதான் சோதனை. நம் வீட்டு வாடைக்கு நம் மூக்கு பழகியிருக்கும் என்பதால், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து மோந்து பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். பாலில் இன்னும் வாடை இருந்தால் கரி முடிச்சை உள்ளே வைத்து, நாலைந்து நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் விடவில்லையென்றால், கழுவி உள்ளே வைத்த பிளாஸ்டிக் டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். எங்கள் வீட்டில் கடைசியாகச் சிக்கியது, மூன்று மாதமாகக் கறிவேப்பிலை போட்டு வைத்திருந்த ஒரு பச்சை டப்பா. இப்போது அது பால்கனியில் ஆணி, திருகாணி போட்டு வைக்க ஆகிறது.